அந்த 'உஸ்' சத்தம் கேட்டும் அப்பா கை நிற்கவில்லை

இந்தக் குழுவில் எல்லாரும் காடி (கார்) சூடேறிய கதையாகப் போடுகிறீர்கள், என்னுடையதையும் எழுதிவிடுகிறேன். போன வருஷக் கடைசி, சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறிக்கொண்டிருந்தோம். பழைய புரோட்டோன் சாகா காடி, அப்பா ஓட்டினார், பின்னால் அம்மாவும் அத்தையும். பாதி மலையில் எஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது, ஓரம் கட்டினோம். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, அப்பா தோள் துண்டை மடித்து ரேடியேட்டர் (எஞ்சின் தண்ணீரை ஆறவைக்கும் தொட்டி) மூடியில் வைத்து அழுத்தித் திருப்பினார். 'உஸ்' என்று ஒரு சத்தம். எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும், கை மட்டும் நிற்கவில்லை. அடுத்த நொடி துரு நிறத்தில் தண்ணீர் ஆளுயரம் எழும்பியது. முழங்கைக்குக் கீழே தோல் வெந்த தக்காளித் தோல் மாதிரி சுருண்டுபோனது. "விடுங்கப்பா" என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மறுமொழி 1

அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது தங்கச்சி?

எனக்கு நடந்தது வேறு மாதிரி. சுங்கை சிப்புட் பக்கம், செம்பனை ஆலையில் இரவு வேலை முடித்து வந்து காலையில் பொன்னெட்டைத் (எஞ்சின் மேல் மூடும் தகடு) திறந்தால் மேல் ஹோஸ், அதாவது எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய், சப்பிக் கிடக்கிறது. ஒட்டுக்கடையில் கட்டித் தரும் தே ஐஸை ஸ்ட்ராவால் உறிஞ்சித் தீர்த்த பை எப்படி ஒட்டிக்கொள்ளும், அப்படி. ரேடியேட்டரோடு சேர்ந்த பக்கத்துப் புட்டியில் தண்ணீர் நிறைய, ரேடியேட்டருக்குள் பாதிதான். மூடியின் அடியில் நடுவில் ஒரு குட்டி வால்வு இருக்கும், எஞ்சின் ஆறும்போது அது திறந்து புட்டித் தண்ணீரை உள்ளே இழுக்கும். என்னுடையதில் துருவேறி ஒட்டிப்போயிருந்தது. பல மாதமாகப் புட்டியை மட்டும் பார்த்து 'சரி, தண்ணி இருக்கு' என்று ஓட்டியிருக்கிறேன். புது மூடி 15 வெள்ளி.

மறுமொழி 2

மேலே எழுதிய அண்ணே, எல்லாவற்றுக்கும் மூடிதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தீர்களா? என் காடியில் போமென் (மெக்கானிக்) ஒருவர் 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு' என்று அதைக் கழற்றிப் போட்டார், ஒரு வருஷம் பெட்ரோல் குடித்தது குடித்தபடி. உள்ளே மெழுகு இருக்கும், 82 அல்லது 88 டிகிரி வாக்கில் உருகி விரிந்து வழி திறக்கும், அதுவரை தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி அதைச் சீக்கிரம் சூடாக்கும். தயவுசெய்து யாரும் கழற்றாதீர்கள். அப்புறம் மூடி: மேலே 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும், அது வெளிக்காற்றுக்கு மேல் மூடி பிடித்து வைக்கும் அழுத்தம். 0.9 மூடி பிடித்து வைத்தால் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது, கூலன்ட் (ரேடியேட்டர் திரவம்) கலந்தால் இன்னும் மேலே. திறந்தால் அழுத்தம் போய்விடும், 110 டிகிரியில் நிற்கும் தண்ணீர் அந்த நொடியே பொங்கும். கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தா உயரத்தில் திறந்த தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கே இன்னும் மோசம். மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் மூடியைத் தொடாதீர்கள். அரை மணி நேரம் போதாது, கை வைத்து வெதுவெதுப்பு தெரிகிறவரை உட்காருங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹெட் (எஞ்சினின் மேல்பாகம்) வளைந்துவிடும். பைப்புத் தண்ணீரே ஊற்றி ஊற்றித்தான் அந்தத் துரு நிறம் வருகிறது.

மறுமொழி 3 (முதல் மறுமொழிக்காரர்)

தெர்மோஸ்டாட் இருக்கட்டும் தம்பி. நான் சொன்னது ஹோஸ் சப்பியதை. தெர்மோஸ்டாட் கெட்டால் சூடேறும், ஹோஸ் சப்பாது. மூடியை மாற்றிய மறுநாளிலிருந்து புட்டியில் தண்ணீர் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. அது வேண்டாமா?

மறுமொழி 4 (முதலில் எழுதியவர்)

அப்பா கை ஆறிவிட்டது அண்ணே, தழும்பு இருக்கிறது, மூன்று விரல் அகலம். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஸ்டோரில் கிடந்த பழைய மூடியைத் தேடி எடுத்தேன். 0.9 என்றுதான் போட்டிருக்கிறது. அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு பக்கம் நகம் நுழைகிற அளவு வெடிப்பு. அப்படியென்றால் அன்றைக்குத் தண்ணீர் கொதித்ததற்கே இதுதான் காரணமா? அப்பா இவ்வளவு நாளும் தான் அவசரப்பட்டதாக மட்டும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதைக் காட்டலாமா என்று யோசிக்கிறேன்.