வாவிக்கரையை நிரப்புகிறார்கள், யாரிடம் முறையிடுவது?

வலைக்காரன்:
எங்கட ஊர் மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கம், எழுவான்கரையில், வாவியோரம். கண்ணா மரம் (வாவிச் சேற்றில் வளரும் கண்டல்) அடர்ந்து நின்ற ஒரு துண்டைக் கொஞ்ச நாளாக நிரப்புகிறார்கள். பகலில் ஒரு அசுமாத்தமும் இராது. பொழுதுபட்டால் டிப்பர் வந்து கிரவல் மண்ணைக் கொட்டும், விடியுமுன் பெக்கோ மெசின் பரவி முடித்துவிடும். வேரோடு சரிந்த கண்ணாக்கள் இலை வாடாமலே மண்ணுக்குள் கிடக்கின்றன. அந்த வேருக்குள்தான் இறால் குஞ்சு ஒதுங்கும். நான் வீச்சுவலையோடு போவதும் அதை நம்பித்தான். ஒரு கந்தோரில் "எங்கட எல்லைக்குள் வராது" என்றார்கள். இன்னொன்றில் "காணி யாருடையது என்று முதலில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். எனக்கெப்படித் தெரியும்? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லடியான்:
அமைச்சருக்கு எழுதுங்க அண்ணன். அவர் இன்னொரு அமைச்சைக் காட்டுவார். கொழும்பைச் சுற்றிப் பார்த்த மாதிரியும் இருக்கும்.

பழைய காணிக்கிளை:
பகிடியை விடுங்கள் தம்பி. நான் காணிக் கிளையில் இருந்து ஓய்வு பெற்றவன். "எங்கட எல்லை இல்லை" என்பது பல நேரம் பொய்யில்லை, சிக்கலே அதுதான். கரையோரம் பேணல் சட்டம் கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை தரையைப் பார்க்கும். ஆறும் களப்பும் கடலில் சேரும் வாயில் அந்த எல்லை 2 கிலோமீற்றர் உள்ளே வரும். எங்கட வாவியோ ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். முகத்துவாரத்தை விட்டுத் தள்ளிப் போன இடங்கள் பலதுக்கு அந்தச் சட்டம் எட்டாது. மரம் என்றால் வன பரிபாலனம், மீன் என்றால் கடற்றொழில், சுற்றாடல் பாதிப்பு மத்திய சுற்றாடல் அதிகாரசபை, கிரவல் வெட்டும் அனுமதி புவிச்சரிதவியல் பணியகம். ஒரு டிப்பர் மண்ணுக்கு இத்தனை பேர். ஆனால் ஒருவர் மற்றவருக்குக் கோல் எடுக்க மாட்டார்.

என்னைக் கேட்டால், முதலில் வேண்டியது எல்லைக்கல். நான் வேலை செய்த பகுதியில் மாரிக்கு ஏறி கோடைக்கு வற்றும் நிலத்துக்குப் பல இடத்தில் கல்லே இல்லை. நில அளவையாளர், வனம், பிரதேச செயலகம் எல்லாரும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வந்து, ஒரே வரைபடத்தில் கையெழுத்துப் போட்டால் பாதிப் பிணக்கு அன்றைக்கே தீரும்.

அதுவரைக்கும் பிரதேச செயலாளரிடம் போங்கள். அரச காணி என்றால் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி உடைமை மீட்டல் சட்டத்தில் அவரே வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கலாம். செல்லுபடியான அனுமதிப்பத்திரத்தைக் காட்ட வேண்டியது குடியேறி இருக்கிறவர்தான். கடிதத்தின் அடியில் "பிரதி" என்று மற்றத் திணைக்களங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். மற்றவருக்கும் தெரியும் என்று தெரிந்தால்தான் கோப்பு அசையும். உங்கட பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அப்புறம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். அந்தத் துண்டின் உரித்து என்ன, நிரப்ப அனுமதி கொடுத்ததா, யாருக்கு என்று கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் தீர்மானிக்க வேண்டும். "உனக்கு ஏன் இது" என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை.

படுவான்கரைப் பிள்ளை:
ஐயா, பெயர் போட்டுக் கேட்டால் டிப்பர்காரர் வீட்டுக்கு வரமாட்டார்களா? எங்கட பக்கம் மணல் விசயத்தில் அப்படித்தான் வந்தார்கள்.

பழைய காணிக்கிளை:
நியாயமான பயம் மகள். தனி ஆள் கேட்க வேண்டும் என்று இல்லை. அங்கத்தவரில் முக்கால்வாசிக்குக் குறையாமல் இலங்கைப் பிரசைகள் என்றால், பதிவில்லாத சங்கமும் அந்தச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். மீனவர் சங்கக் கடிதத் தலைப்பில் கேளுங்கள்.

வலைக்காரன்:
சங்கத் தலைவருடைய மச்சான்தான் ஐயா அந்த டிப்பருக்குச் சொந்தக்காரன்.

பழைய காணிக்கிளை:
சரி, அப்ப கோயில் சபை. அதிலும் அவர் இருந்தால் மாதர் சங்கத்தைப் பிடியுங்கள்.