புதுப்பிப்பு: 'சன்லெஸ் சீ' எனக்கு ஒத்துவருமா? வாங்கி விளையாடிய பிறகு

கப்பலோட்டும் திகில் கணினி விளையாட்டான 'சன்லெஸ் சீ' (2015) எனக்குப் பிடிக்குமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வாங்கினேன், பிடித்துவிட்டது.

விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கி, 2 மணி நேரத்துக்குள் ஆடிப்பார்த்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்ற யோசனை இதற்குச் சரிப்படவில்லை. அதற்குள் கப்பல் ஊர்ந்துகொண்டுதான் இருந்தது. இங்கே பதில் சொன்ன நாகப்பட்டினத்து அண்ணனின் யோசனைதான் உதவியது: "முதல் கேப்டன் எப்படியும் சாவான், அடுத்தவனை வைத்து முடிவெடுங்க." செத்த கேப்டனின் சொத்தில் ஒரு பங்கு, வாரிசான அடுத்த கேப்டனுக்கு வருகிறது. கடல் வரைபடத்தை வாரிசுக்கு விட்டுச்செல்லாவிட்டால் பல தீவுகள் இடம் மாறிவிடும், திரும்ப ஆட அலுக்கவில்லை.

எதிர்பாராதது, திகில் திடுக்கிட வைப்பதில்லை. விளக்கை அணைத்தால் எரிபொருள் மிச்சம், ஆனால் பீதி ஏறும். இந்தக் கணக்குதான் வயிற்றைக் கலக்குகிறது. ஆங்கிலத்தில் வாசிக்கவும் ஏகப்பட்டது இருக்கிறது. வாசிக்கப் பொறுமையில்லாதவர்கள் வாங்கவே வேண்டாம்.

அப்புறம், மன்னார்குடிப் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போவது தெரிந்ததே. வழக்கமான முறையில் துறைமுகத்தில்தான் ஆட்டம் சேமிக்கப்படும். யுபிஎஸ் இல்லாதவர்கள், நாமே சேமித்துக்கொள்ளும் எளிய முறையைத் தேர்ந்தெடுங்கள்.