அடைமழை சனி ஞாயிறு: துணி காய வைக்க ஏர்கோன் அறையா, டோபி கடையா?

செந்தூல்வாசி:
அக்டோபர், நவம்பர் வந்துவிட்டால் கோலாலம்பூரில் சனி ஞாயிறு முழுக்க ஈரத்துணியோடு மல்லுக்கட்டுதான். பிள்ளைகள் வீட்டில், வாரத் துணி ஐந்தாறு கிலோ குவியலாக, திங்கள் காலைக்குள் பள்ளிச் சீருடை காய்ந்தாக வேண்டும். இதற்காக மழையில் கூடையைத் தூக்கிக்கொண்டு காசு போட்டால் துவைத்துக் காய வைக்கும் டோபி கடைக்கு ஓடத் தேவையில்லை என்பது என் கட்சி. ஓர் அறையை ஒதுக்கி, கதவு ஜன்னலைச் சாத்தி, 1 எச்பி ஏர்கோனை ஈரம் எடுக்கும் ‘டிரை’யில் போட்டு, ஸ்டாண்டு காற்றாடியைத் துணிப் பக்கம் திருப்பிவிட்டால் நாலைந்து மணி நேரத்தில் வேலை முடிந்தது. சீருடை பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்த துணி, பருத்தி அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்காது.

செராஸ் அம்மா:
சீருடை சரி அண்ணே. குளியல் துண்டு, போர்வை, ஜீன்ஸ்? அதையும் அதே அறையில் தொங்கவிட்டால் ராத்திரிக்குள் காயாது, மறுநாள் முடைநாற்றம் வரும். 700 சதுர அடி வீட்டில் ஓர் அறையைத் துணிக்குக் கொடுத்துவிட்டால், மழை நாளில் வெளியே போக முடியாத பிள்ளைகள் எங்கே விளையாடுவது, எங்கே வீட்டுப்பாடம் எழுதுவது? அலமாரிக்குப் பின்னால் சுவரில் கரும்பூசணம் பிடிப்பதும் இப்படித்தான். டோபி கடை டிரையரில் 30, 40 நிமிடத்தில் துண்டு பூப்போல வந்துவிடும். டிரம்மில் பாதிக்கு மேல் அடைக்கக் கூடாது, அவ்வளவுதான். அடைத்தால் நடுவில் இருப்பது ஈரமாகவே இருக்கும், இன்னொரு முறை காசு போட வேண்டி வரும்.

வயர்மேன் 240:
இரண்டு பேருமே தண்ணீர்க் கணக்கைப் பார்க்கவில்லை. 5 கிலோ துணி, நிமிடத்துக்கு 1000 சுற்றில் பிழிந்த பிறகும் ஏறக்குறைய 3 லிட்டர் தண்ணீரோடுதான் வெளியே வரும். மேல்மூடி மெஷின் 700, 800 சுற்றுதான் என்றால் இன்னும் கூடும். பத்துக்குப் பத்து அறையில் சுமார் 25 கன மீட்டர் காற்று. 28 டிகிரியில், ஈரப்பதம் 80 விழுக்காடு இருக்கும்போது அந்தக் காற்று இன்னும் வாங்கிக்கொள்ளக்கூடியது 140 மில்லி கூட இல்லை. அதனால் மூடிய அறையில் காற்றாடி மட்டும் போட்டால் கொஞ்ச நேரத்தில் காய்வது நின்றுபோகும். தண்ணீரை அறையை விட்டே வெளியேற்ற வேண்டும்.

செந்தூல் அண்ணன் சொல்லும் ‘டிரை’ வெயில் நாளுக்குச் சரி. அடைமழையில் அறை ஏற்கெனவே 25, 26 டிகிரிக்கு இறங்கியிருக்கும். ரிமோட்டில் 24 வைத்தால் சீக்கிரமே கம்ப்ரசர் நின்றுவிடும், உள்ளே குளிரும் குழாயில் (காயில்) ஒட்டியிருந்த தண்ணீர் மறுபடி காற்றில் கலந்துவிடும். ‘கூல்’, 18 டிகிரி, ஏர்கோன் காற்று வேகம் குறைவு என்று வையுங்கள். வெளியே இருக்கும் வடிகுழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால்தான் துணி காய்கிறது என்று அர்த்தம்.

செந்தூல்வாசி:
18 டிகிரி என்றால் மின்சாரம்?

வயர்மேன் 240:
சாதாரண 1 எச்பி மணிக்கு முக்கால் யூனிட் வரை இழுக்கும். 4 மணி நேரம், 3 யூனிட். ஒரு நாளைக்கு 12 லிட்டர் என்று போட்டிருக்கும் ஈரமுறிஞ்சும் மெஷின் 250 வாட் அளவில் ஓடும். 8 மணி நேரத்துக்கு 2 யூனிட்தான். அதன் சூடும் அறைக்குள்ளேயே தங்குவதால் துணிக்கு நல்லது, ஆனால் அந்த அறையில் ஆள் உட்கார முடியாது. அந்த 12 லிட்டர் 30 டிகிரி, 80 விழுக்காட்டில் அளந்த கணக்கு என்பதால், குளிர்ந்த அறையில் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள்.

ஜெலுத்தோங் அக்கா:
தம்பி, கணக்கு அருமை. ஆனால் அதே கணக்கின்படி 1 லிட்டரை ஆவியாக்கக் குறைந்தது 0.68 யூனிட் சூடு வேண்டும். மெஷினில் இன்னொரு முறை பிழிய அதில் சிறு பங்கு கூட ஆகாது. ஏர்கோனா டோபியா என்று அடித்துக்கொள்வதற்கு முன் தண்ணீரைப் பிழிந்து எடுங்களேன்! சீருடையை மட்டும் தனியாக, காய்ந்த துண்டு ஒன்றையும் சேர்த்து, அதிக வேகத்தில் பிழியவிடுங்கள். துண்டு உறிஞ்சிக்கொள்ளும். பிறகு உதறி, ஹேங்கருக்கு ஹேங்கர் நாலு விரல் இடைவெளி விட்டு மாட்டி, காற்றாடியைக் கீழிருந்து சாய்த்து, துணிகளுக்கு நடுவே காற்று ஓடும்படி வையுங்கள். நேர் எதிரே வைத்தால் முதல் சட்டை மட்டும்தான் காயும்.

பெண் பிள்ளைகள் சட்டைக்கு மேல் போடும் கையில்லாத பினாஃபோரை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு மாட்டுங்கள். அதன் இடுப்புப் பட்டையில் துணி நாலு மடிப்பு. பாவாடைப் பக்கம் மொரமொரவென்று காய்ந்த பிறகும் அங்கே விரலை வைத்தால் ஜில்லென்று இருக்கும். பாக்கெட் பையும் அப்படித்தான். அதைப் பார்க்காமல் மடித்து வைத்தால் திங்கள் காலை வாடை அங்கிருந்துதான் கிளம்பும்.

செராஸ் அம்மா:
அக்கா, இங்கே மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். மெஷின் காலை 6.30க்கு முடிகிற மாதிரி டைமர் வைத்து, 7 மணிக்கு மாட்டி, 1 மணிக்கு எடுத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மிச்ச ஈரத்தை டோபி பார்த்துக்கொள்ளும்.

ஜெலுத்தோங் அக்கா:
அது கோலாலம்பூர்க் கணக்கு. பினாங்கில் சுமத்ரா பக்கமிருந்து வரும் புயல்மழை விடியலுக்கு முன்பே அடிக்கும், சாரல் பால்கனி வரை வரும். அதை நம்பி டைமர் வைக்க முடியாது. சீருடையை வெள்ளி ராத்திரியே துவைத்துவிடுவதுதான் எங்களுக்குப் பாதுகாப்பு.

செந்தூல்வாசி:
டோபி கடை சூட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஒட்டுப் பேட்ஜ் பசை விட்டுவிடும், இடுப்பு எலாஸ்டிக் தளரும். சீருடையை அங்கே போடக்கூடவே கூடாது.

செராஸ் அம்மா:
சீருடையைப் போடச் சொல்லவில்லையே அண்ணே. துண்டு, போர்வை, ஜீன்ஸ் மட்டும். இதில் நான் மாறமாட்டேன். நின்றவுடன் எடுத்து, கொஞ்ச நேரம் விரித்து ஆறவிட்டு மடியுங்கள். சூட்டோடு பிளாஸ்டிக் பையில் திணித்தால் உள்ளே வியர்த்துவிடும்.

வயர்மேன் 240:
இதை ஏற்கிறேன். வீட்டில் சொந்த டிரையர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 2000 வாட் மெஷினை நீட்டிப்பு வயரில் கெட்டிலோடு சேர்த்துப் போடாதீர்கள். 13 ஆம்ப் பிளக் தாங்குவது 3000 வாட் சொச்சம்தான், இரண்டும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். பிளக் தொட்டால் சுடுகிறதென்றால் உடனே நிறுத்துங்கள்.

செந்தூல்வாசி:
சரி, ‘டிரை’யை விட்டு 18 டிகிரி ‘கூல்’. இரண்டாம் பிழிசலும் சேர்த்துக்கொள்கிறேன். காலணிக்கு?

ஜெலுத்தோங் அக்கா:
உள்ளே பாதம் படும் அட்டையை (இன்சோல்) கழற்றித் தனியாக வையுங்கள். செய்தித்தாளைக் கசக்கி நுனி வரை திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, காற்றாடிக்கு முன்னால் சாய்த்து வையுங்கள். ஏர்கோன் குழாயின் கீழ் வாளி வைத்திருந்தால் அன்றன்றே கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும்.