எதனோல் கலந்த பெற்றோலும் பழைய காரும்: அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

வணக்கம். யாழ்ப்பாணத்தில், என் தந்தையார் விட்டுச்சென்ற ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரை இன்றும் ஓட்டி வருகிறேன். வீட்டு வளவில் சிறிய கோழிப்பண்ணையும் உண்டு. இந்தியா 2030இல் எட்ட எண்ணியிருந்த 20 வீத எதனோல் (கரும்பு, தானியம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் மதுசாரம்) கலப்பை 2025இலேயே எட்டிவிட்டதால், அத்தகைய பெற்றோல் இங்கும் வந்தால் என்ன செய்வது என்று இப்போதே ஆயத்தமாக விரும்புகிறேன்.

எதனோலின் ஆற்றல் பெற்றோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவென்பதால் லீற்றருக்கு ஓடும் தூரம் சற்றுக் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எதனோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதும், ஈரம் மிகுந்தால் நீரோடு சேர்ந்து தாங்கியின் அடியில் பிரிந்து நிற்பதும், பழைய றப்பர்க் குழாய்களை ஊதவும் வெடிப்பு விடவும் செய்வதும், கடற்காற்றில் வாரம் முழுக்க நிற்கும் என் காருக்கு (ஞாயிறுகளில் மட்டுமே அதற்கு வெளியுலகம்) ஒத்துவராது. எதனோலைத் தாங்கும் எரிபொருள் குழாயும் பம்புக்குரிய டயபிரமும் (பம்பினுள் அசையும் மெல்லிய சவ்வு) யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ எங்கே கிடைக்கும்? காபரேற்றரில் (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பகுதி) எந்தப் பாகங்களை முதலில் மாற்றவேண்டும்?

மற்றொன்று தீவனம். கரும்போடு சோளமும் (மக்காச்சோளம்) எதனோல் ஆலைகளுக்குப் போகத் தொடங்கியபின், சோளம் ஏற்றுமதி செய்துவந்த இந்தியாவே அதை இறக்குமதி செய்ய நேர்ந்தது. விளைவிக்கும் கமக்காரருக்கு அது நல்ல விலை. வாங்கும் எங்களுக்கோ தலையிடி. நாமக்கல் பக்கம் கோழி வளர்ப்போர் எவரேனும் இங்கிருந்தால், சோளத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக எதைச் சேர்க்கிறீர்கள், எந்த அளவில் என்று தயவுசெய்து அறியத்தாருங்கள்.