வாங்கி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால், அது ஏற்பாகுமா?

சரக்குக்காரர்:
மௌனம் சம்மதம் என்பது நம் பேச்சு வழக்கு. சரக்கைக் கையொப்பமிட்டு இறக்கிக்கொண்டு, மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, பணம் கேட்கும்போது மட்டும் "நான் ஏற்கவில்லையே" என்பவரைச் சட்டம் ஏன் தாங்கிப் பிடிக்க வேண்டும்?

வழக்காடி:
சட்டம் அவரைத் தாங்கவில்லை; மௌனத்தை நம்ப மறுக்கிறது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் 1862-இல் தீர்ப்பான ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி வழக்கில், "மறுமொழி வராவிட்டால் குதிரை என்னுடையது" என்று மாமா மருமகனுக்கு எழுதினார். மருமகனுக்கு விற்க மனமிருந்தும் அவர் பதில் எழுதவில்லை. ஏலக்காரர் தவறுதலாக அந்தக் குதிரையை விற்றுவிட்டார். மாமா வழக்குத் தொடுத்துத் தோற்றார். பதில் எழுதும் சுமையை ஒருவர் தாமாகவே இன்னொருவர் தலையில் ஏற்ற முடியாது.

சரக்குக்காரர்:
அந்தக் குதிரை மாமாவின் கைக்கு வரவே இல்லை. என் சரக்கோ வாங்கியவரின் கிடங்கில் இருக்கிறது. பிரிட்டனின் 1979-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவே, நியாயமான காலம் கடந்தும் நிராகரிப்பைத் தெரிவிக்காமல் சரக்கை வைத்திருப்பவர் அதை ஏற்றவராகவே கருதப்படுவார் என்கிறதே!

ஓரமாய் ஒருவன்:
தீராத நோயை ஒருவர் ஏற்றுக்கொள்கிறார் என்கிறோம். அங்கே மறுக்க எதிர்த்தரப்பே இல்லை. அதையும் இதோடு சேர்ப்பீர்களா?

வழக்காடி:
சேர்க்க மாட்டேன், அது மனம் சார்ந்தது, அதிலிருந்து யாருக்கும் கடன் பிறப்பதில்லை. சரக்குக்காரர் ஐயா காட்டிய பிரிவு சரியானதே. ஆனால் அது ஒப்பந்தம் ஏற்கெனவே உண்டான பிறகு சரக்கை ஏற்பதைப் பற்றியது. ஒப்பந்தத்தையே உண்டாக்கும் ஏற்பு வேறு. கேட்காத சரக்கை வாசலில் இறக்கிவிட்டுப் போனால், பெற்றவர் பேசாமல் இருப்பது மட்டும் ஒப்பந்தமாகாது. மாற்றுச் சீட்டில், அதாவது இன்ன தொகையைத் தருமாறு ஒருவர் இன்னொருவருக்கு எழுதும் ஆணையில், இது இன்னும் கறார்: உண்மையிலேயே கடன்பட்டவராக இருந்தாலும், சீட்டில் கையொப்பமிடாதவர் அதன் ஏற்பாளர், அதாவது அதன்படி பணம் தரப் பொறுப்பேற்றவர், ஆகமாட்டார்.

சரக்குக்காரர்:
என்னிடம் கேட்டுத்தான் வாங்கினார், அப்படியென்றால் ஏற்றவர்தானே? இனிக் குறை சொல்ல அவருக்கு வழியில்லை.

வழக்காடி:
திருப்பி அனுப்ப வழியில்லை; குறை சொல்ல உண்டு. சரக்கு பழுதென்று நிரூபித்தால், ஏற்ற பிறகும் அவர் இழப்பீடு கேட்கலாம், உங்களுக்குத் தர வேண்டிய விலையிலேயே அதைக் கழித்துக்கொள்ளவும் கோரலாம்.

சரக்குக்காரர்:
பழுதென்று இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லையே.

வழக்காடி:
அந்த மௌனத்தை அவருக்கு எதிரான சாட்சியாக முன்வையுங்கள்; அதற்குத் தடையில்லை.