அந்துப்பூச்சிக்கு மக்கள்தொகை பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

பயிர்ப்பூச்சிக் கட்டுரையின் தமிழாக்கத்தில் 'பாப்புலேஷன் டைனமிக்ஸ்' (ஓர் இனத்தின் எண்ணிக்கை மாறும் விதம்) வருமிடத்தில் 'மக்கள்தொகை இயக்கவியல்' என்று போட்டிருந்தது. காய்ப்புழுவின் மக்கள்தொகை என்று படிக்க மனம் ஒப்பவில்லை. இலங்கை வழக்கான 'குடித்தொகை' கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் குடி என்றதும் மனிதர்தாம் கண்முன் வருகிறார்கள். 'இனத்தொகை' என்றால் பூச்சி, மீன், பறவை எதற்கும் பொருந்தும். சரி, அது முடிந்தது.

சிக்கல் 'டைனமிக்ஸில்'தான். 'ஏற்ற இறக்கம்' போதுமே என்று கேட்டிருந்தீர்கள். எளிய சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் இரவில் ஒளிகாட்டிப் பூச்சிகளைப் பிடிக்கும் விளக்குப்பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பொறியைக் கவிழ்த்து, சிறகுத் தூள் விரலில் ஒட்ட ஒட்ட ஒவ்வொன்றாக எண்ணி, நாள்வாரியாகக் கோடு போடுகிறோம். பௌர்ணமியை ஒட்டிக் கோடு இறங்கும். பூச்சி குறைந்துவிட்டதா? இல்லை, நிலவொளியில் விளக்கு எடுபடவில்லை, அவ்வளவுதான். இனக்கவர்ச்சிப் பொறியில் வேறு குறை: பெண்ணின் வாசனையைத் தேடி ஆண்கள்தாம் வந்து விழும். முட்டையிடப் போகும் பெண்கள் கணக்கிலேயே வராது. ஆக, ஏற்ற இறக்கம் என்பது கோட்டுக்கு உரிய சொல். 'ஃப்ளக்சுவேஷன்' வருமிடத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

இங்கே வேண்டியது, எண்ணிக்கை ஏன் மாறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும் சொல். ஒரு படைப்புழுத் தாய்அந்து ஆயிரம் முட்டைக்கு மேல் இடக்கூடும். டிரைக்கோகிரம்மா குளவி அந்த முட்டைகளுக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடும். அங்கிருந்து புழு வராது, குளவிதான் வரும். தப்பி வளர்ந்தவை இரவுக் காற்றோடு வேறு வயலுக்குப் போய்விடுவதும் உண்டு. பிறப்பு, இறப்பு, உள்வரவு, வெளியேற்றம் நான்கும் ஓயாமல் நடக்கின்றன. அதனால்தான் 'இயக்கம்' என்கிறேன். (உள்வரவுக்குக் 'குடியேற்றம்' வேண்டாம், மறுபடி குடி வந்துவிடும்.)

அப்புறம், 'இயக்கவியல்' படிப்பின் பெயர். 'இந்த அந்துப்பூச்சியின் இயக்கவியல்' என்றால் அது சிறகடிக்கும் விதம் என்றே படும். எனவே நிகழ்வுக்கு 'இனத்தொகை இயக்கம்', அதை ஆராயும் துறைக்கு 'இனத்தொகை இயக்கவியல்'. 'இயங்கியல்' கூடாது, அது 'டயலெக்டிக்ஸ்' என்ற தத்துவ முறைக்கு எப்போதோ நிலைத்துவிட்டது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'வெப்பம் கூடித் தலைமுறைக் காலம் சுருங்கும்போது காய்ப்புழுவின் இனத்தொகை இயக்கம் வேகம் பிடிக்கிறது.' எனக்கு எங்கும் இடறவில்லை. உங்களுக்கு இடறினால் எந்த இடத்தில் என்று சொல்லுங்கள்.