டயரில் புழு, தட்டில் புழு: யார் யாரைச் சொல்வது?

மொட்டைமாடி:
பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் நான்கு பழைய டயர்கள் கிடக்கின்றன. மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது. இரண்டு தடவை சொல்லியும் அவர் கேட்கவில்லை. தெருவில் நாலு பேரிடம் புலம்பினேன். போன செவ்வாய் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒரு அம்மா வந்தார். டயரைப் பார்த்தார், சரி. அப்புறம் எங்கள் வீட்டுக்குள் வந்து பிரிட்ஜை நகர்த்தச் சொன்னார். பின்னால், அடியில் தண்ணீர் வடிந்து தேங்கும் ஒரு தட்டு இருக்குமே, வாங்கின நாளிலிருந்து நான் அதைப் பார்த்ததே இல்லை. டார்ச் அடித்தால் குட்டிக் குட்டியாகப் புழுக்கள் நெளிகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. இனி அவரைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறதா?

பழையவாத்தியார்:
இல்லை. ‘ஏதிலார் குற்றம்போல் தங்குற்றங் காண்கிற்பின் தீதுண்டோ மன்னும் உயிர்க்கு’. அடுத்தவர் மாடிக்கு ஏறுமுன் நம் தட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

கரிசல்:
ஐயா, அந்தக் குறள் இருப்பது புறங்கூறாமை அதிகாரத்தில். முதுகுக்குப் பின்னால் பேசுகிறவனுக்குச் சொன்னது. முகத்துக்கு நேராகச் சொல்வதை அது எங்கே தடுக்கிறது? டெங்குவைப் பரப்பும் ஏடிஸின் முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். இவர் மனதைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை டயர் காத்திருக்காது.

பழையவாத்தியார்:
தெருவில் நாலு பேரிடம் புலம்பியதாக அவரே எழுதியிருக்கிறாரே, அது புறங்கூறல் இல்லாமல் வேறென்ன? 436-ஆம் குறளையும் பாருங்கள். ‘தன்குற்றம் நீக்கிப் பிறர்குற்றம் காண்கிற்பின்’. எது முதலில் என்பது அதிலேயே இருக்கிறது.

கரிசல்:
புலம்பலைக் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 436 முடிவது ‘இறைக்கு’ என்று. தண்டிக்கும் அதிகாரம் உள்ள அரசனுக்கு வைத்த நிபந்தனை. கேள்வி கேட்டவர் கையில் என்ன செங்கோலா இருக்கிறது? அடுத்த அதிகாரத்திலேயே ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்’ கெடுவான் என்கிறார். குறையே இல்லாதவன்தான் இடித்துச் சொல்லலாம் என்றால் ஆளுக்கு எங்கே போவது?

பழையவாத்தியார்:
அந்த அதிகாரத்தின் பெயர் பெரியாரைத் துணைக்கோடல், தம்பி. இடிப்பவர் பெரியவராக இருக்க வேண்டும். தட்டில் புழு வளர்ப்பவர் அல்ல.

தயிர்சாதம்:
எங்கள் அப்பா வாய் நிறையப் புகையிலையை அடக்கிக்கொண்டே “இதைத் தொட்டால் கையை ஒடிப்பேன்” என்பார். சொன்னதில் தப்பில்லை. நான்தான் கேட்கவில்லை, 15 வயதிலேயே தொட்டேன். இதை யார் பக்கம் சேர்ப்பீர்களோ தெரியாது. அது கிடக்கட்டும், தட்டை வெறுமனே கவிழ்த்தால் போதாது. முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

மொட்டைமாடி:
தேய்த்தாயிற்று. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் என் தட்டுக் கதையை நானே ஆரம்பித்தேன். “அதான் பார்த்தேனே சார்” என்றார். டயரைப் பற்றி வாயெடுப்பதற்குள் காபி வந்துவிட்டது. இன்று காலை மூன்று டயர் கீழே இறங்கிவிட்டது. நாலாவதில் செடி வைக்கப் போகிறாராம்.

கரிசல்:
அடியில் ஓட்டை போடச் சொல்லுங்கள்.